ஏழு கோயில், ஒரு குருமனை, ஆள் தேவை

ஞாயிறு காலை ஒன்பது மணி. கிழக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயர். ஏறி இறங்கும் கோதுமை வயல்களுக்கு நடுவே, பல நூற்றாண்டு கண்ட கல் கோயில் ஒன்று. சாண் நீள இரும்புச் சாவியால் கதவைத் திறக்கிறார், கோயிலின் பாமரப் பொறுப்பாளரான சர்ச் வார்டன் அம்மாள். எழுபதைத் தாண்டிய வயது. முதல் வேலை, ராத்திரி வவ்வால்கள் போட்ட எச்சத்தைப் பீடத்து விரிப்பிலிருந்து துடைப்பது. அப்புறம் ஹீட்டரைப் போட வேண்டும், பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைக்க வேண்டும், பாட்டு எண்களைப் பலகையில் மாட்ட வேண்டும். வெள்ளித் தட்டில் அப்பமும் சின்னக் குடுவையில் திராட்சரசமும் தயார்.

ஒன்பதரை மணி ஆராதனைக்குப் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். குருவானவரைக் காணோம். முப்பது மைல் தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற குரு ஒருவர் இன்றைக்கு வருவதாக ஏற்பாடு. வார்டனின் செல்போன் அடிக்கிறது. ரோடெல்லாம் உறைபனி, காரை எடுக்க முடியவில்லை என்கிறார் அவர். அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அப்பத்தையும் ரசத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் பூட்டுகிறார். அபிஷேகம் பெற்ற குரு இல்லாமல் திருவிருந்து கிடையாது. ஜெபப் புத்தகத்தை விரித்துக் காலை ஜெபத்தைத் தாமே வாசிக்கத் தொடங்குகிறார்.

நார்ஃபோக்கிலும் ஹெரஃபோர்டிலும் டெவனிலும், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால், எந்த ஞாயிற்றிலும் நடக்கக்கூடியது இது. வாசல் மண்டபத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தால் விஷயம் விளங்கும். முதல் ஞாயிறு இந்த ஊரில், இரண்டாவது ஞாயிறு அடுத்த ஊரில், மூன்றாவது ஞாயிறு ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஏழு ஊர், ஏழு கோயில், ஒரே குருவானவர். அவரும் ஓய்வுபெற்றுப் போய் மாதங்களாகிவிட்டன. குருமனையின் ஜன்னல்கள் சாத்தியே கிடக்கின்றன. அவருக்குப் பதில் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்து திருச்சபை அந்த நாட்டின் அரச அங்கீகாரம் பெற்ற சபை. அரசர்தான் அதன் உச்ச ஆளுநர். நாட்டின் ஒவ்வோர் அங்குல நிலமும் ஏதோ ஒரு ஊர்ச் சபையின் எல்லைக்குள் வரும். அந்த எல்லைக்குள் குடியிருக்கும் எவருக்கும், கோயில் வாசலை மிதிக்காதவராக இருந்தாலும், அங்கே கல்யாணம் செய்துகொள்ளப் பொதுவாக உரிமை உண்டு. அங்கே கல்லறைத் தோட்டத்தில் இடமிருந்தால் அடக்கம் செய்யப்படவும் உரிமை உண்டு. குருவானவர் நாற்காலி காலியானால், கோயிலுக்குப் போகிற பதினொரு பேரோடு அந்தப் பாதிப்பு நிற்பதில்லை.

காலியிடம் கிராமத்துக்கு மட்டுமான சோதனை என்றும் சொல்ல முடியாது. கான்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி 2025 ஜனவரியில் பொறுப்பை விட்டு விலகினார். அவருக்கு அடுத்தவராக சாரா முல்லல்லியின் பெயர் அறிவிக்கப்பட அக்டோபர் ஆகிவிட்டது. உச்சியிலேயே இவ்வளவு காலம் என்றால், முந்நூறு பேர் வசிக்கும் ஊருக்கு?

பெட்டி: எண்களில்

• திருமண்டலங்கள்: 42. ஊர்ச் சபைகள் 12,000-க்கு மேல். கோயில் கட்டடங்கள் சுமார் 16,000.
• கட்டடங்களில் முக்கால்வாசிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னங்கள். ஒரு ஓட்டை மாற்றவும் அனுமதி வேண்டும்.
• பாதிக்கு மேற்பட்ட கோயில்கள் கிராமங்களில். நாட்டு மக்களில் கிராமத்தில் இருப்பவர்களோ ஆறில் ஒருவர் அளவுதான்.
• சம்பளம் வாங்கும் முழுநேரக் குருமார்: 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 20,000-க்கு மேல். இன்று சுமார் ஏழாயிரம்.
• சபையின் மைய முதலீட்டு நிதி ஆயிரம் கோடி பவுண்டைத் தாண்டியது.

நிலம் போனது, குருவும் போனார்

ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு குருவானவர் இருந்தார். அவருக்குச் சோறு போட்டது ஊர் நிலம். விளைச்சலில் தசமபாகமும், கோயிலுக்கென்று விட்ட மானிய நிலத்தின் வருமானமும் அவருடையவை. யாரை நியமிப்பது என்ற உரிமை புரவலர் கையில் இருந்தது. ஊர்ப் பெரிய நிலக்கிழார், அரசர், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் கல்லூரிகள், பேராயர் என்று புரவலர்கள் பலவகை. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் மிஸ்டர் காலின்ஸ் எந்நேரமும் லேடி கேத்தரின் புகழ் பாடுவதற்குக் காரணம் இதுதான். வேலை போட்டுக் கொடுத்தவர் அந்த அம்மாள். ஆஸ்டினின் அப்பாவே ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன், டீன் என்ற இரண்டு ஊர்களுக்குக் குருவாக இருந்தவர். ஒருவர் பல ஊர்களைப் பிடித்துக்கொள்வது அன்று வருமானத்துக்காக. அதைக் கட்டுப்படுத்த 19-ஆம் நூற்றாண்டில் சட்டமே வந்தது.

இன்று அதே ஏற்பாடு ஆள் பஞ்சத்தால் திரும்பி வந்திருக்கிறது. லிங்கன்ஷயரின் சவுத் ஆர்ம்ஸ்பி, 1690-களில் ஜான் வெஸ்லியின் தகப்பனார் சாமுவேல் வெஸ்லி ஊழியம் செய்த ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அந்த ஊரையும் சுற்றியிருந்த சிற்றூர்களையும் ஒரே குழுவாகச் சேர்த்து ஒரு பரிசோதனை நடந்தது. அது நாடெங்கும் பேசப்பட்டு, மற்ற திருமண்டலங்களுக்கு முன்மாதிரியானது. குருமாரை மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட வேண்டும் என்ற வாதத்தை 1964-ல் லெஸ்லி பால் அறிக்கையும் 1974-ல் ஷெஃபீல்டு அறிக்கையும் வலுவாக முன்வைத்தன. நகரங்களுக்கு அது நியாயம். கிராமங்களுக்கு அன்றே கணக்கு முடிக்கப்பட்டது.

கிராமத்துக்காரர்கள் இன்றும் ஆறாமல் பேசுவது மானிய நிலத்தைப் பற்றித்தான். 1976-ல் நிறைவேறிய சபைச் சட்டம் ஒன்றின்படி, 1978 ஏப்ரல் முதல் ஊர்க் கோயில்களின் மானிய நிலமெல்லாம் திருமண்டலத்தின் கைக்கு மாறியது. பணக்கார ஊர்க் குருவுக்கும் ஏழை ஊர்க் குருவுக்கும் ஒரே சம்பளம் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம், சந்தேகமில்லை. ஆனால் தன் குருவானவருக்குத் தானே படியளந்த ஊர், அன்றிலிருந்து ஆண்டுதோறும் திருமண்டலத்துக்குப் பங்குத்தொகை கட்டும் ஊராயிற்று. முன்னோர் எழுதி வைத்த நிலமும் போனது, இப்போது ‘உங்கள் பங்கைக் கட்டாவிட்டால் குரு இல்லை’ என்று கடிதமும் வருகிறது. அந்தப் பங்குத்தொகையைக் கட்டச் சட்டக் கட்டாயம் ஏதும் கிடையாது. கட்டாத ஊரின் முறை எப்போது வரும் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் கிடையாது.

நான்கு வாரத்துக்குள் ஒரு கூட்டம்

குருவானவர் விடைபெறும் தேதி முடிவானதும் சட்டத்தின் சக்கரம் சுழலத் தொடங்குகிறது. இதற்கான சட்டம் 1986-ல் வந்தது. புரவலர் உரிமையைப் பணத்துக்கு விற்பதை முடிவுக்குக் கொண்டுவந்ததும் அதே சட்டம்தான். காலியிட அறிவிப்பு வந்த நான்கு வாரத்துக்குள் சபைக் குழு கூட வேண்டும். சட்டத்தின் பதினொன்றாம் பிரிவில் இது வருவதால் ஊரில் எல்லோரும் ‘செக்‌ஷன் லெவன்’ கூட்டம் என்றே சொல்கிறார்கள். போகப்போகிற குருவானவருக்கும் அவர் துணைவருக்கும் அந்தக் கூட்டத்தில் இடமில்லை. புரவலருக்கும் இல்லை. ஊர் தன் மனத்தைத் தானே திறந்து பேசிக்கொள்வதற்காக வைத்த விதி.

பெட்டி: கூட்டத்தில் என்ன நடக்கும்?

ஊரின் நிலை, தேவை, வழிபாட்டு மரபு ஆகியவற்றைச் சொல்லும் விவரக் குறிப்பு ஒன்றைச் சபைக் குழு எழுத வேண்டும். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒற்றை ஊர்ச் சபையானால் இருவர். பல ஊர்ச் சேகரமானால் ஊருக்கு ஒருவராவது இருக்க வேண்டும், மொத்தம் நால்வருக்குக் குறையக் கூடாது. விளம்பரம் கொடுக்கச் சொல்லிப் புரவலரைக் கேட்பதா, பேராயரையும் புரவலரையும் நேரில் அழைத்துப் பேசுவதா என்பதையும் முடிவு செய்வார்கள். புரவலர் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் பேராயர் சம்மதிக்க வேண்டும். சபைப் பிரதிநிதிகள் ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தால்கூட நியமனம் நின்றுபோகும். அதை மீற வேண்டுமானால் புரவலர் தலைமைப் பேராயரிடம்தான் முறையிட முடியும்.

நம்மூர் வாசகர் இந்தக் கடைசி விஷயத்தில் சற்று நின்று போக வேண்டும். திருநெல்வேலியிலோ மதுரையிலோ டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வெளியானதும் எந்த ஐயர், அதாவது எந்தக் குருவானவர், எந்தச் சேகரத்துக்கு என்று ஊரே தேடிப் பார்க்கும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வருகிறவர் வருவார். இங்கிலாந்திலோ, ஒரு டிராக்டர் மெக்கானிக்கும் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரும் பேராயர் எதிரில் உட்கார்ந்து ‘இவர் வேண்டாம்’ என்று சொல்லலாம். சொன்னால் அது சட்டப்படி நிற்கும். அந்த உரிமையின் அருமை அங்கே பல ஊர்க்காரர்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். ‘எங்கள் குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள்’ என்று பழைய குறிப்பையே தேதி மாற்றி அனுப்பும் ஊர்களும் உண்டு.

காபிரியேல் தூதன் விண்ணப்பிப்பாரா?

விவரக் குறிப்புகள் பல ஒரே அச்சில் வார்த்தவை. பசுமையான நிலக்காட்சி, அன்பான மக்கள், நல்ல பள்ளிக்கூடம், பக்கத்து ஊரில் பப். பிறகு எதிர்பார்ப்புகள் வரும். ஜெபத்தில் ஊன்றியவராக, இளைஞரை ஈர்ப்பவராக, முதியோரை வீடுதேடிச் சந்திப்பவராக, சிறந்த பிரசங்கியாக, நிர்வாகத் திறமை உள்ளவராக, நகைச்சுவை உணர்வும் கொண்டவராக இருக்க வேண்டும். காபிரியேல் தூதனே விண்ணப்பித்தாலும் நேர்காணலில் தேறுவது கஷ்டம் என்று அங்கே குருமாரிடையே ஒரு பேச்சு உண்டு.

பயன்படும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும். ‘எங்கள் ஏழு கோயில்களில் இரண்டில் ஞாயிறு வருகை பத்துக்குக் கீழ். ஒரு கோயிலின் கூரை ஈயத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள், தார்ப்பாய் போட்டிருக்கிறோம். இரண்டு ஊருக்கு வார்டன் இல்லை. கணக்குப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. வாரம் ஒரு நாள் ஓய்வு உங்களுக்கு உண்டு, அன்று யாரும் கதவைத் தட்டாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’ இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். எதை விட்டுவிடலாம் என்று குறிப்பிலேயே சொல்லும் ஊரை நம்பி ஒருவர் தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரலாம்.

‘சர்ச் டைம்ஸ்’ வார இதழிலும் சபையின் இணையதளத்திலும் விளம்பரம் வரும். யாராவது விண்ணப்பித்தால் நேர்காணல். அதற்கு முன்னால் வேனில் ஏற்றி எல்லாக் கோயில்களையும் சுற்றிக் காட்டுவார்கள். மதியம் ஊர் ஹாலில் ஊர்க்காரர்களோடு சாப்பாடு, கையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடி ஐம்பது பேரின் கேள்விகளுக்குப் பதில். அங்கே தவறாமல் பரிமாறப்படும் முட்டைப் பண்டத்தின் பெயரால் ‘கீஷ் சோதனை’ என்று அதைச் சொல்கிறார்கள். முறையான குழுவின் நேர்காணல் அதற்குப் பிறகு. தேர்வானவர் பழைய இடத்தில் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் இருந்தால் செப்டம்பர் வரை காத்திருப்பார். ஒரு வருடம் இப்படியே ஓடிவிடும். முதல் விளம்பரத்துக்கு யாருமே விண்ணப்பிக்காமல் இரண்டாவது விளம்பரத்துக்குப் போகும் சேகரங்களும் இருக்கின்றன.

ஏன் யாரும் வருவதில்லை?

பணத்தை மட்டும் சொல்லிவிட முடியாது, ஆனால் பணமும் உண்டு. குருவானவரின் ஆண்டுப் படி 2025-ல் முப்பதாயிரம் பவுண்டை ஒட்டியே இருந்தது. வீடு இலவசம். விலைவாசி ஏறிய 2023-ல், யுனைட் தொழிற்சங்கத்தில் இருக்கும் குருமார் 9.5 சதவீத உயர்வு கேட்டு முறையாகக் கோரிக்கை வைத்தார்கள். இங்கிலாந்து சபை வரலாற்றில் அப்படியொரு சம்பளக் கோரிக்கை அதுவே முதல் தடவை. மறுபக்கம், ஒரு குருவானவருக்கான வீடு, ஓய்வூதியம், பயிற்சி எல்லாம் சேர்த்தால் திருமண்டலத்துக்கு ஆகும் செலவு அறுபதாயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. பதினைந்து பேர் கூடும் ஏழு சபைகள் அதை எப்படித் திரட்டும்?

படித்துவரும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். குருப்பயிற்சிக்குத் தேர்வானவர்கள் 2020-ல் கிட்டத்தட்ட 590 பேர். மூன்றே ஆண்டில் அது 370 அளவுக்கு இறங்கியது. இப்போது ஊழியத்தில் இருப்பவர்களில் பெரும்பங்கினர் ஓய்வை நெருங்கும் வயதினர்.

இதையெல்லாம் விட, வேலையின் வடிவமே ஆளை விரட்டுகிறது. ஏழு ஊர் என்றால் ஏழு சபைக் குழு, ஏழு கணக்கு, ஏழு ஆண்டுக் கூட்டம். ஊருக்கு இரண்டு வார்டன் வீதம் பதினான்கு பேர் வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி பழுது. டிசம்பரில் ஊருக்கு ஊர் கேரல் ஆராதனை. ஈஸ்டர் அதிகாலையில் எந்த ஊரில் நிற்பது என்பதே தகராறு.

நவம்பர் மாதத்தின் நினைவு ஞாயிறு இன்னும் கடினம். போரில் மாண்டவர்களுக்காகச் சரியாகப் பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் நாள். ஊருக்கு ஊர் நினைவுத் தூண் இருக்கிறது. அதில் அந்த ஊர்ப் பையன்களின் பெயர் செதுக்கியிருக்கிறது. அவர்களின் பேரன் பேத்திகள் கோட்டில் சிவப்புப் பாப்பிப் பூ குத்திக்கொண்டு தூணின் அடியில் கூடுகிறார்கள். மற்ற ஆராதனைகளை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் மாலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற முடியாது. பதினொரு மணி எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. குருவானவர் ஒரு தூணில் நிற்பார். மற்ற ஆறு ஊர்களில் பழைய ராணுவ வீரரோ வார்டனோ பெயர்களை வாசிப்பார்கள். ‘போன வருஷமும் எங்கள் ஊருக்கு வரவில்லை’ என்ற மனத்தாங்கல் அடுத்த நவம்பர் வரைக்கும் இருக்கும்.

காலியாக இருக்கும்போது என்ன ஆகிறது?

சட்டப்படி, குரு இல்லாத காலத்தில் சேகரத்தின் பொறுப்பு வார்டன்கள் கையிலும் வட்டாரத் தலைமைக் குரு கையிலும் வருகிறது. நடைமுறையில் ஒருவர் தோளில்தான் எல்லாம் விழும், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணியின் தோளில். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் குருவைத் தேடி ஏற்பாடு செய்வது அவர். கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வைப்பதும் அவர்தான். அடக்க ஆராதனைக்கு நேரம் கேட்டு பியூனரல் டைரக்டர் போன் போடுவதும் அவருக்குத்தான். இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு, புதிய குரு வந்து இறங்கும் அதே வாரம் வார்டன் களைத்துப்போய் ராஜினாமாக் கடிதம் நீட்டுவது அங்கே அபூர்வமில்லை.

ஓய்வுபெற்ற குருமார் இல்லாவிட்டால் இங்கிலாந்துக் கிராமச் சபைகள் பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக்கிடக்கும். எழுபது, எண்பது வயதில் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு பனியிலும் மழையிலும் வருகிறார்கள். வீட்டை மட்டும் கொடுத்து, ஞாயிறும் வாரத்தில் இரண்டு நாளும் வேலை வாங்கும் ஏற்பாடும் உண்டு. அதில் சம்பளம் கிடையாது. பெண்களுக்கு முதன்முதலாகக் குருப்பட்டம் கொடுத்தது 1994 மார்ச்சில், பிரிஸ்டல் பேராலயத்தில், 32 பேருக்கு. அதற்குப் பிறகு வந்த பெண் குருமாரில் பலர் சம்பளமில்லாத இந்த ஊழியத்தில்தான் கிராமங்களைத் தாங்கி நிற்கிறார்கள். அவர்களை எண்ணிக்கையில் சேர்த்துப் பேசும் திருமண்டலங்கள், பேரேட்டில் அவர்களுக்குச் சம்பளமாக ஒரு பைசாவும் ஒதுக்குவதில்லை. இது நியாயமே இல்லை.

ஞாயிற்றுக்கு வெளியே நடப்பது இதைவிடப் பெரிது. இங்கிலாந்து சபை நடத்தும் பள்ளிகள் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் அதில் ஏராளம். வாரந்தோறும் அசெம்பிளிக்கு வந்து குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைத்தவர் இப்போது வருவதில்லை. நிர்வாகக் குழுவிலும் அவர் இடம் காலி. பஸ் நின்றுபோன, தபால் நிலையமும் கடையும் மூடிய ஊரில், எந்நேரமும் கதவைத் தட்டக்கூடிய வீடு என்று ஒன்று இருந்தால் அது குருமனைதான்.

2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. பண்ணைகளின் வாசலில் தடுப்பு போட்டுவிட்டார்கள். உள்ளே குடும்பம், வெளியே எரியும் சிதைகள். அப்போது இரவு இரவாக அந்தப் பண்ணைக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர்களில் ஊர்க் குருமாரும் உண்டு. யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, யார் தனியாள், யாருக்குக் கடன் என்பதெல்லாம் அந்த ஊரில் வருடக்கணக்காக வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை காரில் வந்து போகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

பெரிய சேகரமாக்கினால் சபை தேயுமா என்பதில் ஆய்வுகளும் ஒருமுகமாக இல்லை. ஒருவர் பொறுப்பில் கோயில்கள் கூடக்கூட வருகை குறையும் வாய்ப்பு அதிகம் என்று 2014-ல் சபையே வெளியிட்ட ஆய்வு சொன்னது. பின்னர் மறுஆய்வு செய்தவர்கள் அவ்வளவு அடித்துச் சொல்ல முடியாது என்றார்கள். வருகைப் பதிவேட்டில் தெரியாத இழப்பைத்தான் நான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

‘நிறுத்திவைப்பு’ என்ற ஒரு கதவு

சபைப் பிரதிநிதிகளின் மறுப்புரிமையைப் பற்றி மேலே சொன்னேன். அதைத் தாண்டிப் போகவும் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. ஊர்களை இணைக்கும் திட்டம் யோசனையில் இருந்தால், பேராயர் அந்த இடத்துக்கான நியமன உரிமையை ஐந்து ஆண்டு வரை நிறுத்திவைக்கலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். அந்தக் காலத்தில் வருகிறவர் ‘பொறுப்புக் குரு’. அவரைப் பேராயரே நியமிப்பார். ஊரைக் கலந்தாலோசிக்க வேண்டும், அவ்வளவுதான். புரவலரின் உரிமையும் பிரதிநிதிகளின் மறுப்புரிமையும் அந்த ஐந்து ஆண்டும் தூங்கும்.

அவசரத்துக்கென்று வைத்த இந்த ஏற்பாடு பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. குருவானவர் ஓய்வுபெறும் தறுவாய்தான் திட்டமிடுபவர்களுக்கு வசதியான நேரம். எதிர்த்துப் பேச அந்த நாற்காலியில் ஆள் இல்லை. ஒரு காலியிடத்தைப் பக்கத்துச் சேகரத்தோடு ஒட்டிவிட்டால் ஒரு சம்பளம் மிச்சம். ஊர் தன் குருவைத் தேர்ந்தெடுக்கும் ஒரே தருணம் இது. பல வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அதையும் எடுத்துக்கொண்டுவிட்டு, ‘மக்கள் பங்கேற்பு’ என்று அறிக்கை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கோபம் 2021-ல் வெடித்தது. பாமரர் தலைமையில் பத்தாயிரம் புதிய சிறு சபைகள் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. கட்டடமும், சம்பளம் வாங்கும் குருவும், நீண்ட கல்லூரிப் பயிற்சியும் வளர்ச்சிக்குத் தடைகள் என்ற கருத்து அதையொட்டி எழுந்தது. அந்த ஆகஸ்டில் லண்டன் புனித பர்த்தலமேயு கோயிலில் ‘சேவ் த பாரிஷ்’ (ஊர்ச் சபையைக் காப்பாற்று) இயக்கம் தொடங்கியது. மையத்தில் குவிந்த நிதியை ஊர்க் குருமாருக்குத் திருப்பு என்பது அவர்கள் கோரிக்கை. அதே ஆண்டு லெஸ்டர் திருமண்டலம், தன் ஊர்ச் சபைகள் அனைத்தையும் இருபது இருபத்தைந்து பெருங்குழுக்களாக்க முடிவெடுத்தது. குருமார், சம்பளமில்லா ஊழியர், பாமரர் ஆகியோர் சேர்ந்த அணி ஒவ்வொரு குழுவையும் நடத்தும். திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தனியாக ஏழு ஊரைச் சுமந்து உடைந்துபோகும் குருவைவிட, நாலு பேர் அணியாக இருபது ஊரைப் பார்ப்பது மனிதத்தன்மை உள்ளது என்கிறார்கள். 2019-லேயே சபையின் ஆட்சிமன்றமான ஜெனரல் சினட், ஒவ்வொரு கோயிலிலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடந்தே தீரவேண்டும் என்ற 17-ஆம் நூற்றாண்டு விதியைத் தளர்த்திவிட்டது. சேகரத்தில் ஏதோ ஓர் இடத்தில் நடந்தால் போதும்.

திருநெல்வேலி அறிந்த வழி

பாமரரையும் பொறுப்பாக்கும் இந்தப் புதுத் திட்டங்களைப் படித்தபோது எனக்கு நம் தென்தமிழகம் நினைவுக்கு வந்தது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறக்கும்வரை திருநெல்வேலி ஆங்கிலிக்கன் திருமண்டலம். எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கங்களின் கைக்காசில் இங்கிலாந்துக் கிராமத்து ஞாயிறு காணிக்கையும் கலந்திருந்தது. திருநெல்வேலியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு குருவானவர், பல சபைகள், ஊருக்கொரு உபதேசியார் என்றுதான் சேகரம் நடந்தது. ஐயர் மாதம் ஒருமுறை நற்கருணைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் மணி அடித்து, ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, காய்ச்சல்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் உபதேசியார்.

ஆனால் உபதேசியார் அந்த ஊரிலேயே குடியிருந்தார். குறைவானாலும் சம்பளம் வாங்கினார். பயிற்சி பெற்றிருந்தார். இங்கிலாந்தில் இன்று அந்தப் பொறுப்பைக் கொடுப்பது, ஏற்கெனவே வவ்வால் எச்சம் துடைத்து, கணக்கு எழுதி, குருவைத் தேடிப் போன் போட்டுக் களைத்திருக்கும் அதே வார்டன் அம்மாளிடம். அவருக்குப் படியும் கிடையாது, பின்னால் வர ஆளும் கிடையாது. திருநெல்வேலி மாதிரியை எடுத்துக்கொள்வதென்றால் அதன் செலவையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். சபையின் மைய நிதி 2026 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 160 கோடி பவுண்டு வழங்கப் போவதாக 2025-ல் அறிவித்தது. குருமாரின் படியை உயர்த்துவதும் அதில் சேர்த்தி. ஊருக்குள் வசிக்கும் ஊழியருக்கு அதிலிருந்து எவ்வளவு வந்து சேரும் என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

வந்து சேர்ந்த பிறகு

ஒருவர் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பதவியேற்பு ஆராதனைக்கு ஏழு ஊரும் திரளும். பேராயர் நியமனத்தை வாசிப்பார். திருமண்டலத்தின் மூத்த குருவான ஆர்ச்டீக்கன் புதிய குருவின் கையைப் பிடித்துக் கோயில் கதவின் சாவியில் வைப்பார். பிறகு அவர் மணிக்கயிற்றை இழுக்க வேண்டும். எத்தனை முறை அடிக்கிறாரோ அத்தனை வருடம் இருப்பார் என்பது ஊர் நம்பிக்கை. ஜனங்கள் வாய்விட்டு எண்ணுவார்கள்.

அடுத்த ஒன்றிரண்டு ஆண்டில் பக்கத்துச் சேகரத்துக் குருவானவர் ஓய்வுபெறுவார். அந்த நான்கு ஊரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று திருமண்டலத்திலிருந்து கடிதம் வரும். முதலில் தற்காலிகம் என்பார்கள், பிறகு இணைப்புத் திட்டத்தின் வரைவு கோயில் வாசலில் ஒட்டப்படும். 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வரைவுக்கு எதிராகவோ ஆதரவாகவோ யாரும் எழுதலாம். வார்டனாக இருக்க வேண்டியதில்லை, ஞாயிறு தவறாமல் வருகிறவராகவும் இருக்க வேண்டியதில்லை. குறைந்தது 28 நாள் அவகாசம் உண்டு. எழுதியதை, சபையின் மைய நிதியை நிர்வகிக்கும் திருச்சபை ஆணையர்கள் பரிசீலித்தே ஆக வேண்டும். அவர்கள் முடிவும் திருப்தி தராவிட்டால், அனுமதி பெற்று பிரிவி கவுன்சில் வரைக்கும் அப்பீல் போகலாம். அந்தத் தாளில் கடைசித் தேதி கீழே சின்ன எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வார்டன் அம்மாள் அதைப் பெரிதாக எழுதி, ஊர்க் கடையிலும் பப்பிலும் பள்ளிக்கூட கேட்டிலும் ஒட்ட வேண்டும்.